மழைக்காலக் குறிப்பு கச்சான் காற்றில் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் பெண்கள் பக்கத்தில் வரும் வீட்டுக் குறிப்புகளை வெட்டி ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்குப் பதினொரு வருடமாக இருக்கிறது. இரண்டு சீ.ஆர். கொப்பிகள் நிறைந்து, மூன்றாவது பாதிக்கு வந்துவிட்டது. போன கிழமை மகள் அவற்றைப் புரட்டிவிட்டு, "அம்மா, இதுல எத்தனையை நீங்க செஞ்சு பார்த்தீங்க?" என்று கேட்டாள். உட்கார்ந்து எண்ணினேன். சரியாக ஏழு. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பி.எச்.ஐ.யையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் வயல் செய்கிறார். மூன்று பிள்ளைகள், கூட என் அம்மா. நான் வீட்டோடு இருக்கிறவள். உங்கள் பக்கம் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நினைத்தே வாசித்து வருகிறேன். ஆனால் இந்த வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்கத்துக்கு "மழைக்காலத்தில் வீட்டைப் பராமரிப்பது எப்படி" என்று போட்டிருந்தீர்கள். அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் கற்பூரம் வையுங்கள், ஈர உடுப்பை மின்விசிறிக்குக் கீழே விரியுங்கள் என்றெல்லாம் இருந்தது. அன்றைக்கு இங்கே கச்சான் என்கிற வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் கொடியில் போட்ட பள்ளிக்கூடச் சட்டை முக்கால் மணித்தியாலத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. கிணற்றில் வாளியை விட்டால் அடியில் முட்டுகிற சத்தம் கேட்டது. பேப்பரை வாசித்துக் காட்டியபோது அம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

உங்களில் பிழை சொல்ல வரவில்லை. பேப்பர் கொழும்பில் அச்சாகிறது. வைகாசி தொடக்கம் அங்கே தென்மேற்குப் பருவமழை. அதே காற்று மலைநாட்டில் முட்டி, ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எங்கள் மழை ஐப்பசிக் கடைசியில் வடகிழக்கிலிருந்து தொடங்கித் தை வரை நிற்கும். கொழும்புப் பெண் குடை பிடிக்கிற மாதத்தில் நாங்கள் மிளகாய் காயவைப்போம். நாங்கள் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துகிற மாதத்தில் உங்கள் பக்கத்தில் பண்டிகைக் கேக் வரும். எங்கள் மாதங்களைப் பார்த்தும் நாலு குறிப்புப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மாதம் மட்டுமல்ல, சில குறிப்புகளுக்கு ஊரும் பொருந்துவதில்லை. பாலக்கீரையும் பனீரும் போட்டு ஒரு கறி வந்திருந்தது. கடைக்கு மகனை அனுப்பிப் பனீர் கேட்கச் சொன்னேன். கோயிலுக்குத் தெளிக்கிற பன்னீர்ப் போத்தல் ஒன்றோடு வந்து நின்றான். கடைக்காரர் "என்ன, வீட்டில விசேஷமா?" என்று வேறு கேட்டாராம். "மாமியாரைச் சமாளிக்கப் பத்து வழிகள்" என்பதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது போட்டுவிடுகிறீர்கள். ஐயா, மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படுகிறது. கல்யாணம் கட்டியவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நான் பிறந்த வீட்டிலேயே இருக்கிறேன். என் மாமி மூன்று கட்டை (மைல்) தள்ளித் தன் மகளோடு இருக்கிறா. வந்தால் விருந்தாளி, அச்சுப் பலகாரத்தோடு வருவா, நல்ல மனுசி. சமாளிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் என் வீட்டுக்காரர்தான். அந்தப் பத்து வழிகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதை ஏற்கனவே செய்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது ஐப்பசி. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் வானம் இறங்கிவிடும். அதற்கு முன்னால் நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதல் வேலை வாளி. தண்ணீர் வாளி இல்லை, பெயின்ற் வாளி. 2011 தை வெள்ளத்தில் மூத்தவளுக்கு நாலு மாதம். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது. பிள்ளையைத் தூக்கினேன், பிள்ளையின் துணி, சுடுதண்ணீர்ப் போத்தல், ஏனோ தெரியாது ஒரு தலையணை, இவ்வளவோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தால் அலுமாரியின் கீழ் லாச்சி வீங்கி இழுபடவில்லை. கத்தியால் நெம்பித் திறந்தோம். காணி உறுதி, என் பிறப்புப் பத்திரம், அம்மாவின் கல்யாணப் பதிவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிட்டுக் கட்டி மாதிரி இருந்தன. அம்மா ஒவ்வொரு தாளாக உரித்து, சுளகில் பரப்பி, அடுப்புச் சூட்டுக்கு எட்டத்தில் வைத்துக் காயவைத்தா. எழுத்து மிஞ்சியது, முத்திரை கலைந்துவிட்டது. பிரதி எடுக்க அலைந்தது தனிக்கதை.

அதற்குப் பிறகு வீடு கட்டுகிற இடமொன்றில் கேட்டு, மூடி இறுக்கமான பத்து லீற்றர் பெயின்ற் வாளி ஒன்று வாங்கிவந்தேன். சுரண்டிக் கழுவி ஒரு கிழமை வெயிலில் வைத்தால் மணம் போய்விடும். உறுதி, பிறப்புப் பத்திரங்கள், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி அதற்குள் வைப்பேன். ரோச் லைற், இரண்டு மெழுகுதிரி, பொலித்தீனில் சுற்றிய நெருப்புப் பெட்டி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி நாலு பக்கற்றும் அதற்குள்ளேயே. மூடியை அமத்தி, கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுவிடுவேன். தண்ணீர் அவ்வளவு உயரம் வந்தாலும் வாளி மிதக்கும், உள்ளே ஈரம் போகாது. ஓடுகிற நேரத்தில் யோசிக்கவும் வேண்டாம். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் வாளி. வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்குகிற அன்று, அதைத் திறந்து சரிபார்ப்பேன். போனமுறை திறந்தபோது மெழுகுதிரியைக் காணவில்லை. கரண்ட் போன ஒரு நாளில் யாரோ எடுத்திருக்கிறார்கள், யாரென்று இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஆவணத்தை விடக் கூரைதான் பெரிது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் அவவுக்குப் பதின்மூன்று வயது. தகரம் பறந்து போய் அயல்வீட்டுத் தென்னையில் சுற்றிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் சொல்லுவா. ஐப்பசி பிறந்தால் மருமகனை ஏணியில் ஏற்றித் தகரத்து ஆணியெல்லாம் தட்டிப் பார்க்க வைக்காமல் விடமாட்டா.

அடுத்தது விறகு. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் பின்பக்கத்து மண்ணடுப்பு ஒருநாளும் அணையவில்லை. அதனால் இப்போது சிலிண்டர் இருந்தும் அடுப்பை இடிக்கவில்லை. விடியற்காலை பிள்ளைகளின் அவசரத்துக்குக் காஸ், மத்தியானத்துக்கு விறகு. மழைக்கு விறகு என்றால் வெட்டிய கட்டை மட்டும் போதாது, பற்றவைக்கக் காய்ந்த சாமான் வேண்டும். பொச்சுமட்டையும் சிரட்டையும் தென்னம்பாளையும் நனையாமல் மேலே ஏற்றிவைக்காவிட்டால் மார்கழியில் குசினி முழுக்கப் புகைதான், சமையல் இல்லை. சிரட்டையைக் கவிழ்த்து அடுக்க வேண்டும். நிமிர்ந்த சிரட்டை ஒவ்வொன்றும் நுளம்புக்கு ஒரு குளம்.

நுளம்பு என்றதும் பி.எச்.ஐ. கதை. சாப்பாட்டு அலுமாரிக்கு எறும்பு ஏறாமலிருக்க, அதன் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் வைக்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் வந்தது. நான் வைத்தேன். எறும்பு நின்றது. வீட்டில் எறும்பே இல்லை என்று நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர் முற்றத்தைப் பார்த்தார், வளவைப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. நானும் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். பின்னாலேயே வந்தவர் குனிந்து, அலுமாரிக் காலுக்கு ரோச் அடித்து, "அக்கா, இங்க வந்து பாருங்க" என்றார். கிண்ணத்துக்குள் ஆணித்தலை அளவில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. நாலு கிண்ணத்திலும். பிறிஜ்ஜின் பின்பக்கத் தட்டிலும் இருந்தது. எனக்கு அந்தத் தட்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் சொல்லித் தந்த ஒன்றை உங்கள் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு பத்து நாள்தான். ஆகவே கிழமைக்கு ஒருமுறை கொட்டி, தும்பால் உட்சுவரை உரசிக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேலை. அலுமாரிக் கிண்ணங்களில் இப்போது கல்லுப்புக் கரைத்த தண்ணீர். எறும்பும் இல்லை, புழுவும் இல்லை. ஆனாலும் ஞாயிறு வந்தால் உரசத்தான் செய்கிறேன்.

மழை விட்டு வெள்ளம் வடிந்தால் கிணறு. பி.எச்.ஐ. வந்து குளோரின் போட்டு, பாவிக்கலாம் என்று சொல்லும்வரை அதில் அள்ளுவதில்லை. அதன் பிறகும் குடிக்கிற தண்ணீர் கொதிக்கவைத்துத்தான். வயலுக்கு இறங்குகிற ஆண்களுக்கு எலிக்காய்ச்சலுக்கென்று சுகாதாரப் பகுதியினர் மாத்திரை கொடுப்பார்கள், கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுத்தேன் என்று இவர் சொல்லுவார், அட்டையை எண்ணினால் தெரியும். அதனால் மாத்திரை அட்டை தேத்தண்ணிப் பேணிக்குள் இருக்கிறது. தேத்தண்ணி குடிக்காமல் இவர் வயலுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

மாசியில் வெள்ளாண்மை வெட்டி முடியும். நெல்லைப் பற்றிய குறிப்பு ஒன்று உங்களிடமும் இல்லை, வேறு எந்தப் பெண்கள் பக்கத்திலும் நான் கண்டதில்லை. வருடச் சாப்பாட்டு நெல்லைப் பிள்ளைகள் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. யானைக்கு நெல் மணம் சுவருக்கு அப்பால் நின்றே தெரியும். முன்பெல்லாம் நாங்களும் மூடைகளை அறைக்குள் சுவரோடு அடுக்கி, மேலே பாயைப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைப்போம். எலி வராது, கள்ளனும் வரமாட்டான் என்ற நம்பிக்கை. 2019 பங்குனியில் ஒரு இரவு. குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயை மூடிவிட்டது. அதுதான் என்னை எழுப்பியது, சத்தம் இல்லை. பிறகு பின்பக்கம் கிடுகு கிழிகிற ஓசை. குசினிச் சுவரோடு இரண்டு மூடை வைத்திருந்தோம், அதற்கு முதல் வருடம்தான் அம்மா பிடிவாதமாக நின்று மூடைகளை அறையிலிருந்து அங்கே மாற்றச் செய்திருந்தா. இவர் லைற்றைப் போட எழும்ப, அம்மா கையைப் பிடித்து இழுத்து, "தின்னட்டும் மனே, நெல்லுத்தானே" என்றா. நாங்கள் ஆறு பேரும் முன்னறைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். சின்னவன் அப்போது கைக்குழந்தை, என் மடியில் வைத்து அவன் வாயில் முலையைக் கொடுத்தபடியே இருந்தேன், அழுதுவிடக் கூடாதென்று. அது தின்கிற சத்தம், ஆற அமர, அரை மணித்தியாலம். காலையில் பார்த்தால் ஒரு மூடை நெல்லோடு உப்புச் சட்டியும் காலி. சுவரில் கதவளவு ஓட்டை.

அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம் பிள்ளைகள் படுத்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது. இப்போது மூன்று மாதத்துக்குரிய நெல்லை மட்டும் வீட்டில் வைத்து, மிச்சத்தை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இருக்கிறதும் வீட்டை ஒட்டாத தனிக் கொட்டிலில். உப்பையும் குசினியில் திறந்து வைப்பதில்லை. இரவு மிஞ்சிய சோற்றையும் பலாப்பழத் தோலையும் வளவில் கொட்டுவதில்லை. யானை வேலி, யானைவெடி எல்லாம் ஆண்கள் பேசிக்கொள்ளட்டும். மூடையை எங்கே வைப்பது என்பது வீட்டில் இருக்கிறவளின் கையில் உள்ள விஷயம்.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றி உங்கள் குறிப்பு "தேவையற்ற விளக்குகளை அணையுங்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. கணக்குத் தெரியாமல் விளக்கை அணைத்து என்ன பயன்? 9 வாட் பல்பு நூறு மணித்தியாலம் எரிந்தாலும் ஒரு அலகு வராது. 1000 வாட் அயன்பெட்டி ஒரு மணித்தியாலத்தில் ஒரு அலகை விழுங்கிவிடும். அதைவிட முக்கியம் 60 என்ற எண். மாதம் 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதல் 60 அலகும் வேறு விலைப்பட்டியலுக்கு ஏறிவிடும், நிலையான கட்டணமும் கூடும். 59க்கும் 62க்கும் வித்தியாசம் மூன்று அலகு இல்லை, ஒரு கிழமை மீன்காசு. ஆகவே நாளைக்கு இரண்டு அலகு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நடுவிலான் ஞாயிறுதோறும் மீற்றரைப் பார்த்துக் கலண்டரில் எழுதுவான். கூடிப்போனால் தமக்கையின் பெயரைப் பக்கத்தில் எழுதிவிடுவான், அயன் பிடிக்கிறவள் அவள் என்பதால். கிழமைக்கான உடுப்பையெல்லாம் ஒரே இருப்பில் அயன் பண்ணுவது என்று சண்டைக்குப் பிறகு முடிவாகியது.

கச்சானைப் பற்றி நீங்கள் ஒன்றும் போடாததால் அதையும் இரண்டு வரி. அந்தக் காற்று மேற்குப் பக்கத்தால் வரும். காலை பத்து மணிக்கு மேற்கு யன்னல்களைச் சாத்தி, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, நாலு மணிக்குப் பிறகு திறந்தால் வீட்டுக்குள் இருக்கலாம். காற்று உரத்து வீசுகிற நேரத்தில் வெளியடுப்பு மூட்டக் கூடாது, ஒரு பொறி போதும் கிடுகு வேலிக்கு. மற்றபடி கச்சான் எங்களுக்குக் காசில்லாத வேலைக்காரி. வருடத்துக்குரிய மிளகாய், மல்லி, புளி, கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அதில்தான் காயும். தலையணை மெத்தை எல்லாவற்றையும் நான் வெளியே போடுவதும் அப்போதுதான். உடுப்புக் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் ஊரே மீன் மாமிசம் விட்டுவிடும். அந்த நாட்களுக்கென்று தேங்காயும் பருப்பும் கீரையும் வைத்துப் பத்து விதமாகச் சமைக்க எங்கள் பெண்களுக்குத் தெரியும். பாலக் பனீருக்குப் பதில் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த வெக்கையில் பிள்ளைக்கு அம்மாள் (அம்மை நோய்) போட்டால் வேப்பிலையும் வைக்கலாம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும் என்று எந்த அம்மனும் சொன்னதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பெண்கள் பக்கத்தின் ஒரு மூலையில், மாதத்துக்கு ஒருமுறை, கிழக்கிலிருந்து ஒருத்திக்கு இடம் கொடுங்கள். வாகரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் ஒரு மாதம் எழுதட்டும்; காத்தான்குடியில் நோன்பு மாதத்தில் விடியற்காலைச் சாப்பாடும் சின்னப் பிள்ளைகளின் பசியும் ஒன்றாகச் சமாளிக்கிற தாய் ஒரு மாதம்; திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்துப் பெண் ஒரு மாதம். எழுத நேரமில்லை என்பார்கள், போன் எடுத்துக் கேளுங்கள், மீன் வெட்டிக்கொண்டே சொல்லுவார்கள்.

இந்த மாதம் முடிவதற்குள் போடுவதாக இருந்தால் பெயின்ற் வாளியையும் நுளம்பு முட்டையையும் முதலில் போடுங்கள், யானை மாசிக்கு இருக்கட்டும். அலுமாரிக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் வைக்கச் சொன்ன குறிப்புக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். அதை வெட்டி ஒட்டியவள் நான் ஒருத்தியாக இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
கொக்கட்டிச்சோலை.